ஞானத்துக்கு எது ஆங்கிலம்? ஜாதவ்பூர் மரபும் ஒரு மொழிபெயர்ப்புக் கலையும்

அறிதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. 'நோ', 'சீ', 'திங்க்', 'அண்டர்ஸ்டாண்ட்' ஆகியவை அம்மொழியின் பழைய ஜெர்மானிய மூலத்திலிருந்து வழிவழியாக வந்தவை. 'பர்சீவ்', 'கன்சீவ்', 'காம்ப்ரிஹெண்ட்', 'காக்னிஷன்' ஆகியவை இலத்தீனிலிருந்து வந்து சேர்ந்தவை. முதல் குடும்பம் அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. இரண்டாவது ஏட்டிலும் வகுப்பறையிலும் வாழ்கிறது. இலத்தீன் வழிச் சொற்கள் பலவற்றுக்குள் கையால் பற்றுதல் என்ற பொருள் பொதிந்திருக்கிறது. தமிழில் "விஷயம் பிடிபடவில்லை" என்கிறபோது இருப்பதும் அதுவே. 'நோ', 'காக்னிஷன்', சமஸ்கிருதத்தின் 'ஞானம்' ஆகிய மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை.

வேர் ஒன்றானாலும் பொருள் ஒன்றாகிவிடவில்லை. இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூல்களை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவர்கள் முதல் பக்கத்திலேயே இதைக் கண்டுகொண்டார்கள். 'ஞானம்' என்ற சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல்லை வைப்பது என்ற தேர்வில்தான் மூலநூலின் வாதம் நிற்பதும் விழுவதும் இருந்தது. இந்தத் தேர்வை ஒரு நுண்கலையாகவே வளர்த்தவர்களில் வங்காளத்துத் தத்துவ ஆசிரியர்கள் முதல் வரிசையில் வருகிறார்கள். அவர்களின் முக்கியமான களங்களில் ஒன்று, தென் கொல்கத்தாவின் ஜாதவ்பூர்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1955 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. அதன் வேர் 1906இல் சுதேசி இயக்கத்தின்போது உருவான தேசியக் கல்விக் கழகம். இந்நாட்டு அறிவையும் மேலைநாட்டு அறிவையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது. தத்துவத் துறையில் அது நன்றாகப் பலித்தது. வங்காளத்தின் நவத்வீபம், 16ஆம் நூற்றாண்டின் ரகுநாத சிரோமணி காலம் முதல் நவ்ய நியாயம் எனும் புதிய நியாய மரபின் தலைநகரம். அங்கிருந்து வந்த பண்டித மரபும், ஃப்ரேகே, ரஸ்ஸல் வழிவந்த பகுப்பாய்வுத் தத்துவமும் ஜாதவ்பூரில் ஒரே மேசையில் பேசிக்கொண்டன. ஆங்கிலச் சொல் ஒன்று முன்மொழியப்பட்டால் அதை இரு பக்கமும் உரசிப் பார்க்க அங்கே ஆள் இருந்தது.

உரைகல்லாக ஒரு நூலை எடுத்துக்கொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம், நியாயம் பயில்கிறவர்களின் முதல் பாடநூல். அதில் ஞானம் என்பது ஆன்மாவின் ஒரு குணம். அது நினைவு, அனுபவம் என இரண்டாகப் பிரிகிறது. அனுபவம் உள்ளபடி அறிவது, பிழையாக அறிவது என மீண்டும் இரண்டாகிறது. உள்ளபடி அறிவதே பிரமை. அது காட்சி, அனுமானம், உவமானம், சொல் ஆகியவற்றால் பிறப்பதால் நான்கு வகைப்படும்.

இந்தப் பகுப்பில் 'ஞானம்' வரும் இடமெல்லாம் 'நாலெட்ஜ்' என்று எழுதினால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் பொய்யான நாலெட்ஜ் கிடையாது. ஒன்றை 'நோ' செய்கிறார் என்றால் அது உண்மையாக இருந்தே ஆக வேண்டும். நியாயத்திலோ கயிற்றைப் பாம்பென்று காண்பதும் ஞானம்தான், பிழையான ஞானம். ஆகவே பகுப்பே குலைந்துவிடும். 'பிலீஃப்' என்று எழுதினாலும் பொருந்தாது. நம்பிக்கை ஆண்டுக்கணக்கில் மனத்தில் தங்கும். நியாயத்தின் ஞானமோ தோன்றி, ஒரு கணம் நின்று, மறையும் நிகழ்ச்சி. தூங்குகிற மாணவனுக்கும் வாய்ப்பாடு தெரியும் என்று ஆங்கிலமும் தமிழும் சொல்லும். நியாயத்தின்படி அந்நேரம் அவனிடம் அதைப்பற்றிய ஞானம் இல்லை; சம்ஸ்காரம் என்ற பதிவு மட்டுமே உண்டு. நினைவுகூரும் கணத்தில்தான் மீண்டும் ஞானம் பிறக்கிறது.

'காக்னிஷன்' இந்த இடத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. அது உண்மைக்கும் பிழைக்கும் பொதுவாக நிற்கும். 'ஒரு காக்னிஷன்', 'பல காக்னிஷன்கள்' என்று நிகழ்ச்சிகளாக எண்ணவும் இடம் தரும். கங்காநாத ஜா போன்ற முன்னோடிகள் பிரமாணத்தைச் சரியான காக்னிஷனின் கருவி என்ற பொருளில் பெயர்த்து இந்த வழியைக் காட்டினார்கள். ஜெயநகரில் பிறந்து, கொல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்று, 1976 முதல் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராக விளங்கிய பிமல் கிருஷ்ண மதிலால் அதை மேலும் கூர்மையாக்கினார். 1986இல் வந்த 'பர்செப்ஷன்' நூலில் அவர் பிரமையை அறிதல் நிகழ்வு என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரால் சுட்டுகிறார். நிலைத்த உடைமையாக ஆங்கிலம் கருதும் நாலெட்ஜை, ஒட்டிய ஒரே சொல்லால் கணநேர நிகழ்ச்சியாக்கிவிடுகிறார். பொருள் சிதையாமல் மொழியை வளைக்கும் இந்த நேர்த்தி ரசிக்கத்தக்கது.

சொல் சரியாக அமைந்தால் பழைய வாதங்கள் புதிய கூர்மையோடு தெரியவரும். 1963இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை, நியாயமான காரணத்தோடு கூடிய உண்மை நம்பிக்கையே நாலெட்ஜ் என்ற வரையறையை அசைத்தது. 12ஆம் நூற்றாண்டின் ஸ்ரீஹர்ஷர், இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டுகளைக் கண்டன கண்ட காத்தியத்தில் வைத்திருப்பதை மதிலால் எடுத்துக்காட்டினார். மூடிய கைக்குள் எத்தனை சோழிகள் என்று கேட்டால் ஒருவர் ஐந்து என்கிறார், இருப்பதும் ஐந்து. மூடுபனியைப் புகையென எண்ணி மலையில் நெருப்பு உண்டென்கிறார் மற்றொருவர், நெருப்பும் இருக்கிறது. இவை உள்ளபடி அமைந்த ஞானங்கள். ஆனாலும் இவற்றைப் பிரமை என்று சொல்ல முடியுமா? இரண்டு சொற்களுக்கும் நாலெட்ஜ் என்றே எழுதியிருந்தால் இக்கேள்வி ஆங்கிலத்தில் எழுந்தே இருக்காது.

'பிரத்தியட்சம்' இன்னொரு சோதனை. சமஸ்கிருதத்தில் அந்த ஒரே சொல் காணும் கருவியையும், காட்சியாகிய அறிவையும், காணப்படும் பொருளையும் குறிக்கும். மொழிபெயர்ப்பவர் இடம் பார்த்து மூன்றாகப் பிரிக்க வேண்டும். அனுமானத்தில் நிலைமை தலைகீழ். அங்கே கருவிக்கு 'அனுமானம்', விளைவுக்கு 'அனுமிதி' என்று சமஸ்கிருதம் பிரித்து வைத்திருக்க, ஆங்கிலத்தில் 'இன்ஃபரன்ஸ்' ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. அதனால் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் அனுமிதியை 'இன்ஃபரன்ஷியல் காக்னிஷன்' என்று எழுதுகிறார்கள். நடை சற்றுக் கனத்தாலும் வாதம் தெளிவாகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது சொல்லிலிருந்து பிறக்கும் அறிவாகிய 'சாப்தபோதம்'. 'அண்டர்ஸ்டாண்டிங்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் "நெருப்பால் நனைக்கிறான்" என்ற வாக்கியம் நியாயத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. நனைக்கும் தகுதி நெருப்புக்கு இல்லை; ஆகவே அதிலிருந்து சாப்தபோதம் பிறக்காது என்பது நியாயத்தின் கொள்கை. ஆங்கில வழக்கிலோ, பொய்யான வாக்கியத்தையும் அண்டர்ஸ்டாண்ட் செய்யலாம். புரிந்துகொண்டதால்தானே பொய் என்கிறோம்! வாக்கியத்தைப் புரிந்துகொள்வதும் அதன் வழி உலகை அறிவதும் ஒன்றா, இரண்டா என்ற பெரிய கேள்வி இந்த இடத்தில் திறக்கிறது. மதிலாலும் அரிந்தம் சக்ரவர்த்தியும் தொகுத்து 1994இல் வெளிவந்த 'நோயிங் ஃப்ரம் வேர்ட்ஸ்' என்ற நூல் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது. அதன் தலைப்பே சாப்தபோதத்துக்கு ஒரு நல்ல மொழிபெயர்ப்பு. கனமான இலத்தீன் சொல்லைத் தவிர்த்து, பழைய எளிய 'நோ'வை அது துணிந்து எடுத்துக்கொண்டது.

ஜாதவ்பூர்த் தத்துவப் பேராசிரியர் பிரணப் குமார் சென், மதிலாலுடன் சேர்ந்து 1988இல் 'மைண்ட்' இதழில் எழுதிய கட்டுரை இந்த முயற்சியின் சிகரங்களில் ஒன்று. வாக்கியத்தில் வைத்தே சொல்லின் பொருளைக் கேட்க வேண்டும் என்பது ஃப்ரேகேயின் விதி. சொற்கள் முதலிலேயே ஒன்றோடொன்று இயைந்த பொருளைத் தருகின்றன என்பது மீமாம்சையில் பிரபாகரர் மரபு. தனித்தனியே பொருள் தந்த பிறகே இயைகின்றன என்பது அதே மீமாம்சையில் குமாரிலர் மரபு. இம்மூன்றையும் அக்கட்டுரை நேருக்கு நேர் நிறுத்துகிறது. இந்திய வாதம் அதில் அருங்காட்சியகப் பொருளாக இல்லாமல், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லும் உயிருள்ள தரப்பாகப் பேசுகிறது.

இக்கலை தமிழுக்கு அந்நியமானதன்று. மணிமேகலையின் 27ஆம் காதை பிரமாணங்களை 'அளவை' என்ற தமிழ்ச் சொல்லால் அடுக்குகிறது. சிவஞான சித்தியாரும் அளவையிலிருந்தே தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை என்று மூன்று எளிய சொற்களால் பெரிய ஆய்வை நடத்துகிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தர்க்க சங்கிரகத்தையே தமிழாக்கினார்.

மொழிபெயர்ப்பின் தரத்தை ஓசையைக் கொண்டோ, மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பதைக் கொண்டோ அளப்பது போதாது. மூலத்தில் எழும் கேள்வி பெயர்ப்பிலும் எழுகிறதா என்பதே சரியான அளவை. 'காக்னிஷன்' இந்தச் சோதனையில் தேறிவிட்டது. 'நாலெட்ஜ்' பிரமைக்கு மட்டும் பொருந்துகிறது. 'அண்டர்ஸ்டாண்டிங்' இன்னும் விவாதத்தில் இருக்கிறது. தர்க்க சங்கிரகம் சிறிய நூல். தமிழாக்கத்தையும் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாசகர், அறிவைப்பற்றிய மூன்று மொழிகளின் சிந்தனையை ஒரே வாசிப்பில் பெறுவார்.