இரைச்சலும் கார்வையும்: ஃபுகாஸி ரசிகர்களின் வாதங்கள்

ஒரு சங்கீதக் குழு தன் ஆயுட்காலத்துக்குள்ளேயே இரண்டு மூன்று முறை உருமாறி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ரசிகர்களில் ஒரு சாராரை மனம் நோகச் செய்து, மற்றொரு சாராரைப் புதிதாக வசப்படுத்தி, மேடையை விட்டு இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சர்ச்சை ஓயாமல் இருக்குமானால், அக்குழுவின் பாடல்களைப் போலவே அவற்றைப் பற்றி எழுந்த அபிப்பிராய பேதங்களும் ஆராய்ச்சிக்கு உரியனவாகிவிடுகின்றன. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1987-இல் முதன்முறை மேடையேறி, 2002-இல் லண்டனில் கடைசிக் கச்சேரி நடத்திய ஃபுகாஸி அத்தகைய குழு. ஹார்ட்கோருக்குப் பின் வந்ததென்று பொருள்படப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று வழங்கும் சங்கீதத்துக்கு அவர்களே இலக்கணம் வகுத்தார்கள் என்பதில் ரசிகர்களிடையே பிணக்கு இல்லை. அந்த இலக்கணம் அவர்களுடைய எந்த இசைத்தட்டில் பூரணம் அடைந்தது, எதில் கைவிடப்பட்டது என்று கேட்டால்தான் வாதம் மூள்கிறது.

1980-ஐ ஒட்டி வாஷிங்டன் இளைஞர்கள் பங்க் சங்கீதத்தின் வேகத்தை மேலும் முறுக்கி, ஒன்றிரண்டு நிமிஷங்களுக்குள் மூச்சு முட்டக் கத்தி முடித்துவிடும் ஹார்ட்கோர் பாணியில் திளைத்திருந்தார்கள். அவர்களுள் தலையாயவர் இயன் மெக்கை. அவருடைய மைனர் த்ரெட் குழு 1983-இல் கலைந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான்; ஆனால் அதற்குள் நண்பர் ஜெஃப் நெல்சனுடன் டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, தம் நகரத்துக் குழுக்களின் பாடல்களைத் தாமே வெளியிடும் வழியையும் கண்டுவிட்டிருந்தார். பிறகு ஹார்ட்கோர் கச்சேரிகளில் முட்டி மோதுவதற்கென்றே வரும் கூட்டம் பெருகவே, பழைய அன்பர்கள் மனம் சலித்து, 1985 கோடையை ஒட்டி வேறு தினுசான குழுக்களைத் தோற்றுவித்தார்கள். கீ பிச்சோட்டோ பாட, பிரெண்டன் கேன்ட்டி டிரம்ஸ் வாசித்த ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் அவற்றில் முக்கியமானது. கோபத்துக்குப் பதிலாக உள்ளத்தின் வேதனையையே உரக்கப் பாடியது அதன் விசேஷம். மெக்கையும், பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜோ லாலியும், கேன்ட்டியும், சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த பிச்சோட்டோவும் ஆக நால்வர் ஃபுகாஸி ஆனார்கள். கடைசி வரை அந்த நால்வரும் மாறவில்லை.

அவர்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கூட 'வெயிட்டிங் ரூம்' என்ற பாடலைக் கேட்டிருக்கக் கூடும். 1988-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் முதல் பாடல் அது. பேஸ் கிட்டார் தனியே ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. கிட்டார் அதைத் தொட்டுக்கொண்டு சேர்கிறது. டிரம்ஸும் கூடி, பாட்டு ஓட்டம் பிடிக்கப்போகிறதென்று கேட்பவர் நிமிரும் தறுவாயில் சகலமும் கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறது. சில விநாடி நிசப்தம். பிறகு, விட்ட இடத்திலிருந்து ஒன்றும் நடவாதது போல் பழைய ஓட்டம் தொடர்கிறது. மைனர் த்ரெட்டின் பாடல்களில் இவ்வளவு நீண்ட கார்வைக்கு இடமே இருந்ததில்லை. ரெகே, டப் ஆகிய ஜமைக்கா சங்கீதங்களில் இவர்களுக்கு இருந்த ஈடுபாடும், வாஷிங்டனின் கறுப்பின மக்களிடையே செழித்த கோ-கோ என்ற தாள சங்கீதத்தின் பரிச்சயமும் அந்த மௌனத்தில் சேர்ந்து ஒலிக்கின்றன. மைனர் த்ரெட்டின் கடைசிக் கச்சேரியே கோ-கோ குழுவான டிரபிள் ஃபங்க்குடன் ஒரே மேடையில் நடந்தது என்பதை நினைவில் கொண்டால் இந்தத் தொடர்பு தற்செயலானதல்ல என்று விளங்கும்.

இந்தத் தொடக்கத்தையே குழுவின் உச்சம் என்று கொள்ளும் ரசிகர்கள் திரளானவர்கள். முதல் இரண்டு சிறு தட்டுகளையும் ஒன்றாக்கி 1989-இல் வந்த 'தர்ட்டீன் சாங்ஸ்' அவர்களுக்கு வேதம். கூட்டமாக நின்று சேர்ந்து பாடத்தக்க பல்லவிகள், உடம்பை ஆட்டுவிக்கும் லயம், ஐயத்துக்கு இடமில்லாத தர்ம ஆவேசம் ஆகிய மூன்றும் அதில் இருப்பதை யாரும் மறுக்க இயலாது. தெருவில் ஆண்களின் பார்வைக்கும் கைக்கும் இலக்காகும் ஒரு பெண்ணின் குரலாகவே மெக்கை பாடும் 'சஜெஷன்' அக்காலத்து ஆண்கள் கூட்டத்தின் நடுவே எவ்வளவு துணிவான காரியம் என்பதை இன்று உணர்வது சிரமம். ஆனால் இந்தச் சாரார் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. அந்தப் பாடல்களில் கிட்டார் வாசித்தவர் மெக்கை ஒருவரே. பிச்சோட்டோ குரல் மட்டுமே கொடுத்தார். கையில் வாத்தியம் இல்லாத அவருடைய துடிப்பு முழுவதும் உடம்பின் வழியே வெளிப்பட்டது. 1988-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்து வளையத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவர் பாடிய காட்சியைப் படச்சுருளில் இன்றும் காணலாம். அப்படிப்பட்ட ஒருவர் கிட்டாரை ஏந்தியவுடன் சங்கீதத்தின் அமைப்பே மாறித்தான் தீரும்.

மாறவும் செய்தது. 1990-இல் வந்த 'ரிப்பீட்டர்' இரண்டு கிட்டார்கள் ஒன்றோடொன்று உரையாடவும், வழக்காடவும், சமயத்தில் ஒன்றை ஒன்று நறுக்கென்று மறுக்கவும் கற்றுக்கொண்ட இசைத்தட்டு. கொலைகளுக்குப் பேர்போன நகரமாக வாஷிங்டன் அவப்பெயர் ஈட்டிய அந்த நாட்களின் பீதி, தலைப்புப் பாடலில் சைரன் போல் அலறும் கிட்டாரில் பதிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய ஒலிப்பதிவுகளை மேற்பார்த்த டெட் நைஸ்லி சமையற்கலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டதால், குழுவினர் தாமே பதிவை நிர்வகித்து, ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்க விரும்பாத கூச்சத்தில் ஒலியைச் சற்று உலரவிட்டுவிட்டார்கள். பாடல்கள் நல்லவை, பதிவு சோனி என்பதே ரசிகர்களின் பொதுத் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

1993-இல் வெளியான 'இன் ஆன் த கில் டேக்கர்' விஷயத்தில் வாதம் சுவாரசியமானது. முந்தைய ஆண்டின் இலையுதிர் பருவத்தில் குழுவினர் சிகாகோ சென்று, கரடுமுரடான பதிவுக்குப் பெயர்பெற்ற ஸ்டீவ் அல்பினியிடம் அப்பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஊர் திரும்பிக் கேட்டபோது திருப்தி ஏற்படாமல், ஆர்லிங்டனில் டான் ஸியென்டாரா நடத்திய இன்னர் இயர் பதிவுக்கூடத்தில், நைஸ்லியின் துணையோடு அனைத்தையும் மறுபடி வாசித்தார்கள். ஒதுக்கப்பட்ட அந்தச் சிகாகோ பதிவு கைமாறிக் கைமாறி ரசிகர்களிடையே உலவியது. அதுவே குழுவின் மெய்யான முகம் என்று சாதிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சிகாகோ பதிவில் உக்கிரம் இருக்கிறது, விஸ்தாரம் இல்லை. 'ட்வென்டி த்ரீ பீட்ஸ் ஆஃப்' போன்ற பாடல், வார்த்தை அடங்கிய பின்னும் நெடுநேரம் கிட்டாரின் ஊளையாகவே நீண்டு கரையும்போது, அந்த ஊளைக்கு நிற்க ஓர் ஆகாயம் வேண்டும்; வெளிவந்த பதிவுதான் அந்த ஆகாயத்தைத் தருகிறது. பொதுவாக, கைவிடப்பட்ட படைப்புக்கு மறைவு காரணமாகவே ஒரு மகிமை வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த மகிமையைக் கழித்துவிட்டுக் கேட்பதே ரசிகனுக்கு அழகு.

பெரும் பிளவு 1995-இல் 'ரெட் மெடிசின்' வெளிவந்தபோது நிகழ்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் கில்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு வீட்டில் தங்கி, சாதாரண ஒலிநாடாவில் பதிந்து வைத்த துணுக்குகளைக்கூட விலக்காமல் பாடல்களுக்குள் கோத்து, நால்வரும் தாமே ஒலிப்பதிவை மேற்பார்த்த தட்டு இது. முதல் பாடலே ஒழுங்கற்ற நாடா இரைச்சலில்தான் கண்விழிக்கிறது. 'வெர்ஷன்' என்ற வாய்ப்பாட்டில்லாத உருப்படியில் பேஸும் டிரம்ஸும் டப் முறையில் மெல்ல நடக்க, அதன் மேல் பிச்சோட்டோ கிளாரினெட் ஊதுகிறார். அவர் அதில் தேர்ந்த வித்வான் அல்லர். சுரம் சில இடங்களில் பிசிறடிக்கிறது. அந்தப் பிசிறையும் அவர்கள் திருத்தாமல் விட்டார்கள். ஜோ லாலி தம் தணிந்த குரலில் முதன்முதலாகப் பாடியதும் இத்தட்டில்தான். பழைய ரசிகர்கள் பலர், பல்லவி எங்கே, சேர்ந்து பாட வார்த்தை எங்கே என்று முறையிட்டார்கள். புதியவர்களோ, ஃபுகாஸி இங்கேதான் பிறந்தது, முன்னவை யாவும் பூர்வாங்கம் என்றார்கள்.

இவ்விரு தரப்பாரும் ஒரே பிழையான அனுமானத்தின் மீது நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். முன்னது ஆவேசம், பின்னது பரிசோதனை என்று இரண்டு காலங்களாகப் பிளந்துவிட்டு, எது உயர்ந்தது என்று கேட்கிறார்கள். 'வெயிட்டிங் ரூம்' பாடலின் அந்தச் சில விநாடி மௌனத்தை முதலில் வைத்து, 'ரிப்பீட்டர்' தட்டின் இறுதியில் ஒரு சாவைப் பற்றிக் குரல் கம்மித் தொடங்கிக் கதறலாக எழும் 'ஷட் த டோர்' பாடலை அடுத்து வைத்து, 1998-இல் வந்த 'எண்ட் ஹிட்ஸ்' தட்டில் ஒலி அநேகமாகக் காற்றோடு கலந்துவிடும் 'பிங்க் ஃப்ராஸ்டி'யை அதற்கடுத்து வைத்துக் கேட்டால், இரைச்சலுக்கு நடுவே விடப்படும் கார்வை படிப்படியாக அகன்றுகொண்டே போவது தெரியும். முதலில் ஒரு மின்வெட்டாக இருந்தது, பின்னர் ஒரு சரணமாகி, கடைசியில் பாட்டின் முழு உடலாகிவிடுகிறது. இதை ஒரு சுபாவத்தின் பரிணாமம் என்று சொல்லலாமே தவிர, ஒன்றைத் துறந்து மற்றொன்றைத் தழுவிய கட்சி மாற்றம் என்று சொல்ல நியாயமில்லை.

இத்தகைய நிதானமான பரிணாமம் எதனால் சாத்தியமாயிற்று என்ற கேள்விக்கு ரசிகர்களின் வாதங்களில் தகுந்த விடை கிடைப்பதில்லை. விடை, குழுவினர் அன்று கடைப்பிடித்த நியமங்களில் இருக்கிறது. கச்சேரிக் கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலர். எந்த வயதினரும் வரலாம். சட்டையோ படமோ விற்பதில்லை. சொந்த ஊரில் பாடினால் நன்கொடைக்காகவோ, இலவசமாகவோ, எதிர்ப்புக் கூட்டத்திலோதான் பாடுவது. வளைகுடா யுத்தம் மூள்வதற்குச் சில நாள் முன்பு, 1991 ஜனவரி 12-இல், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் குளிரில் நின்று பாடியதும் இந்த வகையே. கூட்டத்தில் பிறரை இடித்துத் துன்புறுத்துபவரைப் பாட்டை நிறுத்தி அழைத்து, ஐந்து டாலரை உறையில் இட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. இந்த நியமங்களைப் பேசுவோர் அவற்றை ஒழுக்கத்தின் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். சங்கீதத்தின் கணக்கிலும் சேர்க்க வேண்டும். பெரிய நிறுவனத்திடம் முன்பணம் வாங்காதவனுக்குச் சென்ற ஆண்டின் வெற்றியை இந்த ஆண்டும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டிய கடன் இல்லை. 'ரெட் மெடிசின்' தட்டின் கிளாரினெட் பிசிறை அழிக்கச் சொல்லும் அதிகாரம் படைத்தவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. பிசிறு நிலைத்ததற்கு அதுவே காரணம்.

2001-இல் வந்த கடைசி முழுத் தட்டான 'தி ஆர்க்யுமென்ட்' விஷயத்தில் பிரிந்த தரப்புகள் ஓரளவு கைகோக்கின்றன. செல்லோவும், பெண்களின் துணைக்குரல்களும், ஜெரி பஷர் வாசிக்கும் இரண்டாவது டிரம்ஸும் சேர்ந்து ஒலி நிறைந்திருக்கிறது. ஆயினும் நெரிசல் இல்லை. நகர விருத்தி என்ற பெயரால் ஏழைக் குடித்தனக்காரர்கள் வெளியேற்றப்படுவதைச் சொல்லும் 'கேஷவுட்' பாடலில், ஒரு காலத்தில் கத்துவதற்கே பெயர்பெற்ற மெக்கை, தெருவில் எடுத்துப் போடப்பட்ட தட்டுமுட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரரிடம் பேசுபவரைப் போல் தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கிறார். உரத்த பகுதி வரும்போது அது ஆவேசமாகத் தோன்றாமல் துக்கமாகவே தோன்றுகிறது. இளமையின் கோபம் மத்திம வயதில் என்னவாகும் என்பதற்கு இந்தப் பாடலைக் காட்டிலும் கண்ணியமான விடையை அந்தச் சங்கீத மரபில் நான் கேட்டதில்லை.

ஃபுகாஸியைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. மைக்கேல் அஸெராட் 2001-இல் எழுதிய அமெரிக்கச் சுயேச்சைக் குழுக்களின் சரித்திரத்தில் இவர்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 'கில் டேக்கர்' ஒன்றைப் பற்றியே ஜோ கிராஸ் 2018-இல் தனி நூல் செய்திருக்கிறார். பத்தாண்டுக்கு மேல் உடன் திரிந்து ஜெம் கோஹன் எடுத்து 1999-இல் வெளியிட்ட 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற படம், கதை சொல்லும் அவசரமின்றி, வரிசையில் காத்து நிற்கும் ரசிகர்களின் முகங்களையே சாவதானமாகப் பார்ப்பது. ஆனால் இவை அனைத்தினும் பெரிய ஆதாரம், குழுவினரே 2011 முதல் பொதுவில் வைத்த கச்சேரிப் பதிவுகள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூறுக்கு மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன. பாடல் வரிசையை முன்கூட்டி எழுதி வைக்காமல், மேடையில் ஒருவர் எழுப்பும் சமிக்ஞையை மற்றவர் பிடித்துக்கொண்டு அடுத்த பாடலுக்குத் தாவுவது அவர்கள் வழக்கமாதலால், ஒரே பாடல் ஒரு கச்சேரியில் வாயிலாகவும் மற்றொன்றில் பாலமாகவும் நிற்கிறது. இசைத்தட்டுகளை மட்டும் வரிசைப்படுத்திச் சண்டையிடும் ரசிகர்கள் இந்தப் பொக்கிஷத்துக்குள் ஆண்டுவாரியாக நுழைந்து ஒரு பாடலின் வாழ்க்கையைத் தொடர்ந்து கேட்பார்களானால், முன்னது பின்னது என்ற பிரிவினை பெரிதும் தளர்ந்துவிடும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். மெக்கையா பிச்சோட்டோவா என்ற குரல் வழக்கில் செலவாகும் சிரத்தையில் கால்வாசிகூட லாலிக்கும் கேன்ட்டிக்கும் கிடைப்பதில்லை. டிரம்ஸோடு ஒரு பெரிய மணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேண்டிய இடத்தில் அதை ஒரே முறை தட்டி, மொத்த வாத்தியங்களின் போக்கையும் திருப்பிவிடும் கேன்ட்டியின் சாதுரியமும், இரண்டு கிட்டார்களும் எத்திசையில் பாய்ந்தாலும் தரையை விட்டு அகலாத லாலியின் பொறுமையும் இல்லையென்றால், மற்ற இருவருக்கும் மௌனத்தில் துணிந்து கால்வைக்க இடமே இருந்திராது. இவ்விருவரும் பிற்காலத்தில் ஆந்தனி பிரோக் என்ற கிட்டார் கலைஞருடன் சேர்ந்து மெஸ்தெடிக்ஸ் என்ற குழுவை அமைத்தார்கள். 2024-இல் சாக்ஸஃபோன் வித்வான் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸுடன் அவர்கள் செய்த இசைத்தட்டை, ஜான் கோல்ட்ரேனின் தட்டுகளை வெளியிட்ட இம்பல்ஸ் நிறுவனமே வெளியிட்டது. அதில் மெக்கை இல்லை, பிச்சோட்டோ இல்லை, பாட ஒரு வார்த்தையும் இல்லை. ஆயினும் பேஸும் டிரம்ஸும் பூட்டிக்கொண்டு நகரத் தொடங்கியதுமே ஃபுகாஸியைக் கேட்டுப் பழகிய செவி அந்த நடையை இனங்கண்டுகொள்கிறது.