‘சக்தி’யின் இசைத்தட்டுகள்: சில குறிப்புகள்

கலப்பிசை என்ற சொல்லை நம்மவர்கள் இரண்டு தொனிகளில்தான் உச்சரிக்கிறார்கள். ஒன்று, தீட்டுப்பட்டுவிட்டது என்கிற முகச்சுளிப்பு. மற்றது, உலகமே ஒரு குடும்பமாகிவிட்டது என்கிற புளகாங்கிதம். இரண்டையுமே சங்கீதத்தைக் கேட்காமல் சொல்லிவிட முடியும். ஜான் மக்லாக்லினின் ‘சக்தி’ குழுவுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி பரிசு கிடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜாகிர் உசேன் இறந்துபோனார். இவற்றை ஒட்டி நான் படித்தவற்றில் பெரும்பகுதி இரண்டாவது ரகம். தட்டுகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு இது தேறும், இது தேறாது என்று சொல்லும் காரியத்தை யாரும் செய்யவில்லை. அதைச் செய்ய எனக்குச் சங்கீத சாஸ்திரம் தெரியாது. காது உண்டு, இருபது வருஷப் பழக்கம் உண்டு. அந்த அளவில்தான் இந்தக் குறிப்புகள்.

முதல் தட்டை நான் கேட்டது வடசேரியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த எல்.பி. தட்டு. அப்போது கல்லூரி மாணவன் நான். ‘ஜாய்’ என்ற முதல் உருப்படி, பதினெட்டு நிமிஷம், முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. “இப்படி ஒரு வேகத்தை நான் கேட்டதே இல்லை அண்ணாச்சி” என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, “அதாம்வே கோளாறு. ஓட்டம் கேக்குது. பாட்டு எங்க இருக்குன்னு அடுத்ததுல பாரும்” என்றார். அடுத்தது ‘லோட்டஸ் ஃபீட்’. ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. அது எனக்கு அன்று ஒன்றுமே இல்லாததாகப் பட்டது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அண்ணாச்சி சொன்னது சரிதான் என்பதும், அது எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆயிற்று என்பதும்தான்.

அந்த முதல் தட்டு ஒரு கச்சேரிப் பதிவு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்தது, 1976இல் வெளிவந்தது. வயலின் சங்கர், தபலா ஜாகிர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். மின்சாரக் கிதாரின் இரைச்சலில் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வை நடத்திப் புகழின் உச்சத்தில் இருந்த மக்லாக்லின், அதையெல்லாம் வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். கிதாரையும் மாற்றிக்கொண்டார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கி, தந்தியை அழுத்தி இழுக்க வழி செய்தார். ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு துணைத் தந்திகளையும் கட்டுவித்தார். கமகம் வேண்டும் என்பதற்காக ஒருவன் தன் வாத்தியத்தின் மரத்தையே செதுக்குகிறான். கலப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். 1972இல் மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் த கார்னர்’ தட்டிலும் சிதாரும் தபலாவும் உண்டு. மைல்ஸ் மேதைதான், ஆனால் அங்கே அவை நிறத்துக்காக இருப்பவை. சிதாருக்காக எக்காளம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் மரத்தைச் செதுக்கினால் மட்டும் போதாது என்பதும் அதே தட்டில் தெரிகிறது. ‘ஜாய்’ உருப்படியில் வயலினும் கிதாரும் மாறி மாறிக் கேள்வி பதிலாக வாசிக்கிறார்கள். வாக்கியங்கள் வரவரச் சுருங்குகின்றன. கடைசியில் இரண்டும் ஒரே வரியில் பறக்கின்றன. கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும். அந்த வேகத்தில் கமகத்துக்கே இடமில்லை. சங்கருடைய வயலின் தன் வளைவுகளைத் துறந்து புள்ளி புள்ளியாக வாசிக்கிறது. கிதாருக்கு அது இயல்பு. ஆக, இரண்டும் ஒன்றானது போல் தோன்றுவது இரண்டின் வித்தியாசமும் வேகத்தில் மறைந்துபோவதால். கைதட்டல் எழுவது அங்கேதான். ‘லோட்டஸ் ஃபீட்’டில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. சுருதியின் மேல் மெதுவாக நகரும் சின்ன மெட்டு. வயலின் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது, கிதார் அதே தூரத்தை எப்படிக் கடக்கிறது என்பது அப்படியே அம்பலமாகிறது. கிதார் சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எனக்கு ‘ஜாய்’ முழுவதையும்விட மேலானது.

இது நம் கவிதை விவகாரமும்கூட. மேலைக் கவிதையின் இரைச்சலை வாங்கிக்கொண்டு படிமத்தின்மேல் படிமமாக ஓடிய கவிதைகள் எத்தனையோ பார்த்துவிட்டோம். ஓட்டத்தில் யாருடைய மொழி என்றே தெரியாது. ஒரு வரியை நிறுத்திப் படித்தால் தமிழும் இல்லை, மூலமும் இல்லை. பெயர்கள் வேண்டாம், நானும் அப்படி எழுதிக் கிழித்தவன்.

‘சக்தி’யில் கிழக்கும் மேற்கும் கலந்தன என்று எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் அங்கே வடக்கும் தெற்கும் கலந்தாக வேண்டியிருந்தது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன் ஒரு பக்கம், தஞ்சாவூர் லயமரபில் ஊறிய கடம் மறுபக்கம். இரண்டு கணக்குகளும் தொலைவில் இருப்பவை அல்ல, அதனால்தான் கஷ்டம். பக்கத்துப் பேச்சுவழக்கைப் பேசுவது வேற்றுமொழி பேசுவதைவிடச் சிரமம். நாகர்கோவில்காரன் திருநெல்வேலியில் வாய் திறந்தால் தெரியும். முதல் தட்டில் தாள வாத்தியங்கள் தனித்து வாசிக்கும் இடங்களில் ஜாகிர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். கடம் போடும் கோர்வை எங்கே முடியும் என்று பார்த்து, அதே இடத்தில் தன் முடிவைக் கொண்டுபோய் வைக்கிறார். எங்கள் ஊர்க் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவனுக்குக் குடம் ஒரு எடுபிடி வாத்தியம் அல்ல. குடத்தின் வாயில் அறைந்து எழும்பும் அந்தக் கும்மென்ற கார்வை கதையையே தூக்கி நிறுத்தும். விநாயக்ராமின் கடத்தில் அந்தக் கார்வையும் இருக்கிறது, சபாக் கச்சேரியின் நுட்பமும் இருக்கிறது. கச்சேரி மேடையில் கடத்தை உபபக்கவாத்தியம் என்று ஓரமாக உட்கார வைத்தவர்கள் நாம். அதை நடுவில் உட்கார வைத்துக் கேட்க லாங் ஐலண்ட் வரை போக வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டும் ஸ்டூடியோத் தட்டுகள். ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் மிருதங்கம் இல்லை, நால்வர்தான். அதனால் கொஞ்சம் காற்றோட்டம் வந்தது. அதில் ‘இந்தியா’ என்ற உருப்படியின் ஆரம்பம் நன்றாக இருக்கிறது. 1977இல் வந்த ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எட்டு துண்டுகள். ஒவ்வொன்றும் தொடங்கியதுமே முடிவைப் பார்த்து ஓடுகிறது. ஆடலாம் வா என்று ஒரு தலைப்பு வேறு. முதல் தட்டின் இரண்டாவது பக்கம் முழுவதையும் ஒரே உருப்படிக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகம் வருகிறது. வங்கியில் இரண்டு பக்கமும் சரியாக வந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். சங்கீதத்தில் எல்லாம் இவ்வளவு சரியாக வரும்போது எனக்கு உள்ளே நுழையவே வழி இல்லை.

இதனால் கச்சேரிப் பதிவு எப்போதும் உசத்தி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா 1973 கோடையில் லண்டனில் ஒரு தட்டைப் பதிவு செய்தது. குழுவுக்குள் பூசல், தட்டு கிடப்பில் போயிற்று. பதிலாக, அதே உருப்படிகளை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஆகஸ்ட் மாதம் வாசித்த கச்சேரிப் பதிவு வெளிவந்தது. ஸ்டூடியோப் பதிவு 1999இல்தான் ‘தி லாஸ்ட் ட்ரைடென்ட் செஷன்ஸ்’ என்று புதையல்போல் வெளியிடப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், பூங்காவில் வாசித்தவர்கள் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வாசித்தவர்கள் என்று புரிகிறது. ஸ்டூடியோவில் குறைந்தபட்சம் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டிருக்கிறார். கச்சேரியா ஸ்டூடியோவா என்பதல்ல கேள்வி. யார் யாரைக் கேட்கிறார்கள் என்பதுதான்.

புதையல் என்ற மனோபாவம் மறுவெளியீடுகளில் ஒரு வியாதியாகிவிட்டது. ‘பிட்சஸ் ப்ரூ’ காலத்து ஒலிநாடாக்களை 1998இல் நான்கு குறுந்தகடுகளாகவும், ‘ஜாக் ஜான்சன்’ நாடாக்களை 2003இல் ஐந்தாகவும் போட்டார்கள். மைல்ஸும் மக்லாக்லினும் மற்றவர்களும் மணிக்கணக்கில் வாசித்ததைத் தயாரிப்பாளர் டியோ மசெரோ கத்தரித்து ஒட்டித்தான் பழைய தட்டுகள் உருவாயின. கத்தரிக்கும் முன் இருந்ததைக் கேட்க எனக்கும் ஆவல்தான். கேட்ட பிறகு மசெரோவின் கத்தரிக்கோல்மேல் மரியாதை கூடியது. ஒரு எழுத்தாளன் செத்த பிறகு சலவைக்கணக்கையும் சேர்த்துத் தொகுப்பு போடுகிறார்கள் அல்லவா, அதே பக்தி. விதிவிலக்கு கோல்ட்ரேன். 1961 நவம்பரில் வில்லேஜ் வான்கார்டில் பதிவானவை 1997இல் முழுமையாக வந்தன. ‘இந்தியா’ என்ற உருப்படி அதில் வெவ்வேறு இரவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு ‘இம்ப்ரெஷன்ஸ்’ தட்டில் வெளிவந்த வாசிப்பில் இந்திய வாத்தியம் ஒன்றும் இல்லை. இரண்டு பாஸ்கள் சேர்ந்து சுருதி பிடிக்கின்றன. மற்ற இரவுகளையும் கேட்டால் ஒரு மனிதன் ஒரே கதவை விடாமல் தட்டுவது தெரிகிறது. அங்கே முழுமைக்கு அர்த்தம் இருக்கிறது.

‘சக்தி’ 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மறுபடி கூடியது. சங்கர் இல்லை, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். 1999இல் வந்த அந்த இரட்டைக் குறுந்தகட்டில் ‘முக்தி’ என்ற உருப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேல். எல்.பி. தட்டின் இருபத்து சொச்ச நிமிஷ எல்லை போனது விடுதலை என்று நினைத்தேன். விடுதலையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களாகத்தான் தோன்றுகிறார்கள். சௌராசியா அபாரமாக வாசிக்கிறார், ஆனால் தன் கச்சேரியை வாசிக்கிறார். 2001இன் ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ கல்யாண வீட்டுக் கூட்டம். சிவகுமார் சர்மாவின் சந்தூர் வரும் ‘ஷ்ருங்கார்’ மட்டும் தப்பித்தது. 2023இன் ‘திஸ் மொமென்ட்’, பரிசு வாங்கியது, பெருமளவும் அவரவர் ஊரில் இருந்தபடி தனித்தனியே பதிவு செய்து சேர்த்தது. ஜாகிரும் செல்வகணேஷும் அதில் துல்லியம். ஆனால் ஒருவர் தப்பினால் மற்றவர் சுதாரித்துக்கொள்ளும் இடம் ஒன்றுகூட இல்லை. தப்பவே வாய்ப்பில்லாத ஏற்பாடு அது.

எனக்கு மிஞ்சுவது 1999இல் கச்சேரிகளில் பதிவாகி 2000இல் வந்த ‘தி பிலீவர்’. சௌராசியாவின் இடத்தில் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ். மெட்டுகள் உள்ள மேலைநாட்டு வாத்தியத்தை மின்சாரத்தோடு எடுத்துக்கொண்டு, அதில் கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை வரவழைக்க முடியுமா என்ற கேள்விக்குச் சிறுவனாக இருந்தபோதே பதில் சொல்லிவிட்டவர். மக்லாக்லின் மரத்தைச் செதுக்கிப் போன வழியில் எதிர்ப்பக்கமிருந்து வந்தவர் என்று சொல்லலாம். 2014இல், நாற்பத்தைந்து வயதில், போய்விட்டார். இந்தத் தட்டிலும் ‘லோட்டஸ் ஃபீட்’ இருக்கிறது. அதே மெட்டை மக்லாக்லின் எழுபதுகளிலேயே ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ தட்டில் கிதார் சிந்தசைசரில் வாசித்திருக்கிறார். அதைச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கிவிடலாம். சௌராசியாவோடு வாசித்தது அழகு, அதற்குமேல் இல்லை. இங்கே ஸ்ரீநிவாஸ் மெட்டை எடுக்கிறார். ஒரு ஸ்வரத்தின்மேல் கையை வைத்து, அடுத்ததைத் தொடலாமா என்பதுபோல் இழுத்து, தொடாமல் திரும்பி, பிறகு தொடுகிறார். கிதார் அந்த இடத்தில் ஒன்றும் வாசிக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் அதே மெட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த மனிதர், தன்னைவிடச் சின்னவர் ஒருவர் அதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.