பாதி வழி

நெடுந்தூரம் நடந்துவிட்டு அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த கதையைத்தான் எழுதுகிறார்கள். அதில் நமக்குக் கிடைப்பது ஊர்களின் ஜாபிதா. போய்ச் சேர முடியாமற்போன கதையை ஒருவர் மனம் விட்டு எழுதினால், அதில் மனிதர்கள் கிடைக்கிறார்கள்.

பில் பிரைஸன் 1998-ல் வெளியிட்ட 'எ வாக் இன் தி வுட்ஸ்' அப்படிப்பட்ட புத்தகம். அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெயின் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலேச்சியன் மலைப் பாதையை நடந்தே தீர்ப்பது என்று புறப்படுகிறார் ஆசிரியர். கரடிகளைப் பற்றிப் புத்தகம் படித்துப் பயந்துபோனவர் அவர். துணைக்கு வரும் காட்ஸோ கனத்த சரீரம் உள்ள பழைய சிநேகிதர். முதல் நாளே சுமை தாங்காமல் சாப்பாட்டுச் சாமான்களைக் காட்டில் வீசி எறிந்துவிடுகிறார்! கடைசிக் கணக்கில் ஆசிரியர் நடந்தது பாதையில் பாதிகூட இல்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மலையைவிடக் காட்ஸே முக்கியம். இருவருக்கும் வரும் மனஸ்தாபமும், பேசாமல் நடக்கும் மௌனமும், பிறகு ஏற்படும் சமாதானமும் நல்ல நாவலுக்குரியவை. காட்ஸ் ஊருக்குத் திரும்பியதும் புத்தகம் நடுவில் தொய்ந்துபோகிறது. ஆசிரியர் காரை நிறுத்திவிட்டுத் துண்டு துண்டாக நடக்கிறார். மனிதன் இருந்த இடத்தைத் தகவல்கள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் சிவகாசிக்காரனான என்னை நிறுத்திவிட்டது. சென்ட்ரேலியா என்ற ஊரில் 1962-ல் நிலக்கரிச் சுரங்கத்தில் பற்றிய தீ, பூமிக்கடியில் எரிந்துகொண்டே இருந்ததால் ஊரே காலியாயிற்று. வெடிமருந்தை நம்பி அடுப்பு எரியும் ஊர்க்காரனால் அந்தப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டே புரட்ட முடியாது.

ஹாஸ்யத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எங்களுக்கு மேற்கே தெரியும் அதே மலைத்தொடரில், தேனி மாவட்டத்துக் குரங்கணியில், 2018 மார்ச் மாதம் உல்லாசமாக மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த நடையைப் பிரைஸனின் பாணியில் யாரால் எழுத முடியும்?

எழுதும் வழி நம்மிடமே இருக்கிறது. நாடுகாண் காதையில், புகாரை விட்டு ஒரு காவதம் நடந்த உடனேயே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எது என்று குழந்தைபோலக் கேட்கிறாள். முப்பது காதம், பக்கந்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான் கோவலன். அந்தச் சிரிப்பு நம்மைச் சுடுகிறது. ஏனென்றால் அந்த நடை எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். பிரைஸனுக்கு வீடு திரும்பிய நிம்மதியில் சிரிப்பு வருகிறது. இளங்கோவடிகளோ துக்கத்துக்குள்ளேயே ஒரு சிரிப்பை வைத்திருக்கிறார்.

பிரைஸனைப் படியுங்கள், சந்தோஷமாக இருக்கும். படித்து முடித்த கையோடு நாடுகாண் காதையையும் ஒரு தரம் படித்துவிடுங்கள். நம்மவர்கள் எழுதும் பிரயாண நூல்களில் கோபுரத்தின் உயரம் இருக்கிறது, காலில் வந்த கொப்புளம் இல்லை. அந்தக் கொப்புளத்தைத்தான் நான் தேடுகிறேன்.