ஊருக்குள் வரும் மருத்துவக் கல்லூரி யாருக்குக் கணக்குக் காட்டுகிறது?

காஞ்சிபுரம் - உத்திரமேரூர் சாலையில் இருக்கிறது திருப்புலிவனம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் எத்தனை மருத்துவக் கல்லூரிகள்! செங்கல்பட்டில் 1965இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. ஏனாத்தூர், மேல்மருவத்தூர், மதுராந்தகம் பக்கம், காட்டாங்குளத்தூர் என்று தனியார் கல்லூரிகள். இவை ஒவ்வொன்றும் கிராமங்களுக்குள் போயாக வேண்டும் என்பது விதி. ஒவ்வொன்றிலும் சமுதாய மருத்துவத் துறை உண்டு. அதன்கீழ் ஊரகச் சுகாதாரப் பயிற்சி மையம் உண்டு. இத்தனை கல்லூரிகள் சூழ்ந்திருப்பதால் உத்திரமேரூர் வட்டாரத்து மக்களின் உடல்நலம் தேறுகிறதா என்பதுதான் கேள்வி.

வெள்ளைக் கோட்டு போட்ட மாணவர்கள் வேனில் வந்து இறங்குவது எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு முன்னால் நடந்த வேலை யார் கண்ணிலும் படாது. ஊராட்சித் தலைவரிடம் பேசுவது, எந்தத் தெருவில் எந்த நேரம் ஆள் இருப்பார்கள் என்று அறிவது, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைத் திரும்பும் வேளையில் பிடிப்பது, முகாமில் சர்க்கரை கூடுதலாக இருந்தவர் மறுபடி மருத்துவமனைக்குப் போனாரா என்று வீட்டுக்கே போய்க் கேட்பது ஆகியவற்றைச் செய்பவர்கள் மருத்துவ சமூகப் பணியாளர், பொதுச் சுகாதாரச் செவிலியர், சுகாதார ஆய்வாளர், களப்பணியாளர். ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவே உள்ள உறவு இவர்கள் வழியாகத்தான் உயிரோடு இருக்கிறது.

இந்த உறவு சரியாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை, கணியம்பாடி வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் மக்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறது. அதே கல்லூரி 1977இல் கே.வி.குப்பத்தில் தனியாக ஓர் ஊரக நல அமைப்பையும் தொடங்கியது. கணியம்பாடி முறையின் அடித்தளம் அந்தந்த ஊரிலேயே வசிக்கும் பகுதிநேரப் பணியாளரான ஒரு பெண். அவருக்கு மேலே சுகாதார உதவியாளர், அதற்கும் மேலே செவிலியர், பிறகு மருத்துவர். ஊரில் ஒரு பிறப்போ இறப்போ நேர்ந்தால் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி மேலே போகும். ஒவ்வொரு படியிலும் சரிபார்க்கப்படும்.

இந்த ஏற்பாட்டினால்தான் யாரும் பேசத் துணியாத ஓர் உண்மை வெளியே வந்தது. 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளைக் குடும்பத்தாரிடம் விசாரித்து ஆராய்ந்தபோது, அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலை செய்துகொள்வது தெரிந்தது. நாட்டளவில் அரசுக் கணக்குக் காட்டிய விகிதத்தைவிட அது பல மடங்கு. 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கலங்கடித்தது: 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண்பிள்ளைகளில் 58. வயிற்றுவலி என்றும் விபத்து என்றும் சொல்லி மூடிவிடக்கூடிய சாவுகளின் உண்மைக் காரணத்தை ஒரு குடும்பம் வாய் திறந்து சொல்ல வேண்டுமானால், கேட்பவர் நேற்று வந்தவராக இருக்க முடியாது. நம்பிக்கை ஊறுவதற்கு ஆண்டுகள் வேண்டும். களத்தில் நிலைத்து நிற்கும் பணியாளர்தான் இம்முறையின் முதல் பலம்.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு வகுக்கப்பட்ட முறையில் இந்த நிலைத்தன்மைக்குத்தான் இடமில்லை. அதுவே முதல் குறை. 1977இல் மத்திய அரசு, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் சுகாதாரப் பொறுப்பில் பங்கேற்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நடமாடும் மருத்துவ ஊர்திகளும் தரப்பட்டன. நோக்கம் உயர்ந்தது; ஆனால் மருத்துவக் கல்வியின் போக்கை அது மாற்றவில்லை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்து, மாணவர் ஒருவருக்கு ஐந்து குடும்பங்கள் என்றது. முதலாண்டிலேயே மாணவரை வீட்டு வாசலுக்கு அனுப்புவது மிக நல்ல காரியம். குடிசைக்குள் அடுப்புப் புகையில் இருமும் ஒரு தாயைப் பார்த்த மாணவர், மூச்சிரைப்பு நோயைப் பாடமாக மட்டும் படிக்க மாட்டார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த விகிதத்தில் 150 இடங்கள் உள்ள கல்லூரிக்கு ஆண்டுதோறும் 750 புதிய குடும்பங்கள் தேவை. மூன்று ஆண்டுகளில் 2,250. பாடத்திட்டம் இதற்கு ஒதுக்குவது படிப்பின் மூன்று கட்டங்களிலும் சேர்த்து 78 மணி நேரம். பயண நேரத்தைக் கழிக்காமலே பார்த்தாலும் ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம்தான் கிடைக்கும். அதன்பின் மாணவர் வார்டுக்குப் போய்விடுவார். குடும்பமும் அதன் சர்க்கரை நோயும் ஊரில்தான் இருக்கும். மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியவர் களப்பணியாளர். அந்தப் பொறுப்பைச் சுமக்கப் போதிய ஆட்களைக் கல்லூரி வைத்திருக்கிறதா என்பதை வருகைப் பதிவேடு காட்டாது.

இரண்டாவது குறை, அந்தப் பணியாளரின் நிலை. பேராசிரியருக்குப் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரையால் வருகிறது. மாணவருக்கு மதிப்பெண் லாக்புக்கால் வருகிறது. இருபது ஆண்டுகளாக ஒரே ஊருக்குப் போய், பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு ஒவ்வொரு வீட்டையும் அறிந்த சமூகப் பணியாளருக்கு எதனால் வருகிறது? அவருடைய அறிவை அளக்க நம் முறையில் அளவுகோலே இல்லை. கல்லூரிக்கும் ஊருக்குமான உறவின் முழுப் பாரத்தையும் தாங்குபவர் முடிவெடுக்கும் மேசையில் இல்லாதது, முறையின் அடிப்படைக் கோளாறு.

மூன்றாவது குறை, ஒருவர் வேலையை மற்றவர் அறியாதது. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் பொதுச் சுகாதாரத்துக்கென உள்ள தனி இயக்குநரகமும் தமிழகத்தின் பெருமைகள். கிராம சுகாதார செவிலியர் ஊரில் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் இயக்குநரகத்தின் கீழும், அரசு மருத்துவக் கல்லூரி மற்றோர் இயக்குநரகத்தின் கீழும் உள்ளன. தனியார் கல்லூரி இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஒரே பாட்டிக்கு மூன்று பேர் பிரஷர் பார்த்து மூன்று பதிவேட்டில் எழுதினால், மாத்திரையை மாற்ற வேண்டியவர் யார் என்று பாட்டிக்கும் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரியாது.

நான்காவதாக, முகாமின் நோக்கம். இலவச முகாமால் கண்புரை நீங்கிப் பார்வை பெற்றவர்கள் எண்ணற்றோர். அந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அங்கீகாரம் பெறப் படுக்கைகள் நிரம்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கல்லூரிகளுக்கு உண்டு. அந்தத் தேவைக்காக நடத்தும் முகாமில், ஊருக்கு என்ன நோய் அதிகம் என்ற கேள்வி பின்னுக்குப் போகும். எத்தனை பேரை வண்டியில் ஏற்றினோம் என்பதே களப்பணியாளரின் இலக்காகிவிடும்.

கல்விச்சாலையும் மருத்துவச்சாலையும் சேர்ந்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் என்று ஒவ்வொருவர் பணியையும் ஊதியத்தையும் அது வரையறுக்கிறது. ஆனால் அந்த ஆதுலசாலை கவனித்தது அங்கே படித்த மாணவர்களையும் கோயில் பணியாளர்களையும். ஊர் முழுவதற்கும் பொறுப்பேற்பது நம் காலத்தின் கடமை. அதற்கான வழி உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிப்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது.

இன்று மருத்துவக் கல்லூரி தேசிய மருத்துவ ஆணையத்துக்குக் கணக்குக் காட்டுகிறது, பல்கலைக்கழகத்துக்குக் காட்டுகிறது, ஊருக்குக் காட்டுவதில்லை. இதை மாற்றப் பெரும் பணம் தேவையில்லை. மாணவர்கள் மாறினாலும் ஊர் மாறாத நிரந்தரப் பணியாளர் ஒருவர் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வேண்டும். அவருடைய அனுபவம் பதவி உயர்வில் எண்ணப்பட வேண்டும். கல்லூரி எடுக்கும் அளவுகள் அன்றே கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பணியாளர் கிராம சபையில் எழுந்து நின்று, யார் பெயரையும் வெளியிடாமல், இத்தனை பேருக்கு நோய் கண்டோம், இத்தனை பேருக்கு அது கட்டுக்குள் வந்தது, இத்தனை பேரைத் தவறவிட்டோம் என்று சொல்ல வேண்டும். ஊரார் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கல்லூரிக்கே அடுத்த ஆண்டும் அந்த ஊருக்குள் மாணவர்களை அழைத்து வரும் உரிமை இருக்க வேண்டும்.