வெறுந்தட்டு

டெசாவ் நகரக் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளுக்கு ஷூபர்ட் 1827இல் இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’ காதலில் தோற்றவனின் புலம்பலாகவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. கடைசிப் பாட்டில் வரும் கிழவரோ பிழைப்புக்காக வாசிக்கும் இசைஞர். ஊருக்கு வெளியே, பனிக்கட்டிமேல் வெறுங்காலுடன், விறைத்த விரல்களால் வாத்தியத்தின் கைப்பிடியைச் சுழற்றுகிறார். கேட்க ஆளில்லை, தட்டில் காசில்லை. அவரை மரணத்தின் உருவகம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தட்டு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஹன்ஸ் செண்டரின் வடிவம் அதை மீட்கிறது. 1993இல் பிராங்பேர்ட்டில் என்செம்பிள் மொடேர்ன் அரங்கேற்றிய இதில் பியானோவுக்குப் பதில் சிறியதொரு ஒர்கெஸ்ட்ரா. வாத்தியக்காரர் சிலர் அரங்கினுள் நடந்தபடியே வாசிக்கிறார்கள். பயணம் பாடகருக்கு மட்டும் உரியதல்ல என்றாகிறது. டிசம்பரில் பாக்கின் நத்தார் ஒரட்டோரியோவுக்காக ஊர் ஊராக ரயிலேறும் சுயாதீன இசைஞர்களை அறிந்தவருக்கு அந்தக் காலடியோசை பழக்கமானதுதான்.

நமது ஆற்றுப்படைகளில், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் பசித்த பாணருக்கு வள்ளலின் ஊரைக் காட்டுகிறார். முல்லரிடம் வள்ளல் இல்லை. எதிர்ப்படுபவனும் ஊரற்றவன், உங்களோடு வரட்டுமா, என் பாட்டுக்கு வாசிப்பீர்களா என்று கேட்க மட்டுமே அவனால் முடிகிறது. இருவர் சேர்ந்தால் கச்சேரி ஆகும், கூலி ஆகாது. கேள்வியோடு பாட்டு முடிந்துவிடுகிறது.

ஜேர்மனியில் 1983இல் நடைமுறைக்கு வந்த கலைஞர் சமூகக் காப்புறுதி அதற்குத் தாமதமான ஒரு பதில். மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அது கைகொடுக்கிறது. அடுத்த கச்சேரியை அது தருவதில்லை.