வி.ஆர். கிருஷ்ண ஐயரை எப்படி வாசிப்பது?

இந்திய உச்சநீதிமன்றத்தில் 1973 முதல் 1980 வரை நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ண ஐயரைப் பற்றி எழுதுவோர் பலர் அவரது தீர்ப்புகளில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். இது போதாது என்பது என் கருத்து. தீர்ப்பு எழுதுமுன் அவர் ஆட்சியிலும் இருந்தவர்.

1915 இல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த இவர், தலச்சேரியில் சட்டத்தரணியாகத் தொழிலாளருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வாதாடினார். 1948 இல் தாமே சிறை சென்றார். 1952 இல் சென்னைச் சட்டசபைக்கும் 1957 இல் கேரளச் சட்டசபைக்கும் சுயேச்சையாகத் தெரிவாகி, ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் முதலிய துறைகளை ஏற்றார்.

தொழிற்தகராறுகளில் முதலாளிகளுக்காகப் பொலிசை ஏவுவதில்லை என்று அறிவித்த ஆட்சி அது. அதே ஆட்சியில், 1959 யூன் 13 அன்று அங்கமாலியில், எதிர்ப்பாளர் மீது பொலிசார் சுட்டதில் ஏழு பேர் இறந்தனர். யூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது அநீதிதான். ஆனால் அந்த அநீதியைக் காட்டி அங்கமாலியை மறைத்துவிட முடியாது. அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பில் கிருஷ்ண ஐயருக்கும் பங்குண்டு.

இனி நீதிபதியைப் பார்ப்போம். மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரிடம் கீழ்நீதிமன்றம் 10,000 ரூபா பிணை கேட்டது. பிணை நின்ற சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அதையும் நிராகரித்தது. 1978 இல் கிருஷ்ண ஐயர் 1,000 ரூபா சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார். சக கைதி சித்திரவதைக்கு உள்ளானது பற்றி சுனில் பத்ரா என்ற கைதி சிறையிலிருந்து எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது. அதன்மீது 1979 இல் வந்த தீர்ப்பும் இவர் எழுதியதே.

மனிதர் ஒருவரே, இருந்த இடம்தான் வேறு. அமைச்சராக இருந்தபோது அவரது மனிதாபிமானம் துப்பாக்கியைத் தடுக்கவில்லை. நீதிபதியானபோது, அரசுக்கு வெளியே நின்று அதனைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. நல்லவர்கள் ஆட்சிக்கு வந்தால் போதும் என்று நம்பும் தோழர்கள் இதனை யோசிக்க வேண்டும். கைதியின் கடிதம் போய்ச்சேர ஓர் இடம் இல்லாத ஆட்சியில், அமைச்சரின் நல்ல மனம் அந்தக் கைதிக்கு எதற்கு உதவும்?