இமாம் சாஹிபும் அஜ்மானி சாஹிபும் – ஏ.கே. ஹங்கலின் திரை வாழ்வு பற்றி

ஹிந்தி சினிமாவில் முஸ்லிம் பாத்திரங்கள் பற்றி எம்மவர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு 'ஷோலே'யின் இமாம் சாஹிபில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. கவ்வாலி பாடுபவர், முஜ்ரா பார்க்கும் நவாப், கத்தியோடு திரியும் பட்டாணியர் என்று வந்து போனவர்களுக்கு நடுவே, கண் தெரியாத அந்த முதியவர் ஒருவரையாவது கண்ணியமாகக் காட்டினார்களே என்றொரு ஆறுதல் அந்தப் பேச்சில் தொனிக்கும். இந்த ஆறுதலை என்னால் முழுமையாகப் பகிர்ந்துகொள்ள முடிவதில்லை. அந்தக் கண்ணியம் கதையில் இருந்ததா, நடித்தவரிடம் இருந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடித்தவர் ஏ.கே. ஹங்கல். முஸ்லிம் அல்லர், காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தவர். சியால்கோட்டில் பிறந்து, பெஷாவரில் வளர்ந்து, தையற்தொழில் செய்து, கம்யூனிஸ்ட் கட்சிப் பணிக்காகக் கராச்சியில் சிறை சென்று, 1949இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். அங்கே பல்ராஜ் சாஹ்னி, கைஃபி அஸ்மி முதலானோர் இயங்கிய 'இப்டா' எனும் மக்கள் நாடக மன்றத்தில் தன்னை இணைத்துக்கொண்டார். 1966இல் வெளியான 'தீஸ்ரி கஸம்' அவரது முதற்படம். அப்போது அவருக்கு வயது ஐம்பதையொட்டி. ஆகவே திரையில் அவருக்கு இளமை என்பதே இல்லை. ஏறத்தாழ 225 படங்களில் நடித்தார் என்பார்கள். அவற்றில் அவர் யாரோ ஒருவரின் தகப்பன், யாரோ ஒருவரின் மாமன், ஊர்ப் பெரியவர், வேலைக்காரர், வாத்தியார். எம்மில் பலர் அவரது முகத்தை அறிவோம், பெயரை அறியோம். குணச்சித்திர நடிகர்களுக்கு எங்கும் வாய்ப்பது இதுதான்.

'ஷோலே' 1975 ஆகஸ்ட் 15இல் வெளியானது. ரமேஷ் சிப்பியின் இயக்கம், சலீம்–ஜாவேத் எழுத்து. பம்பாய் மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதில் ஹங்கல் தோன்றும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்களே தேறும். இமாமின் மகன் அஹ்மதுக்கு வெளியூரில் பீடித் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைக்கவிருக்கிறது. கண் தெரியாத வாப்பாவைத் தனியே விட்டுப்போக அவனுக்கு மனமில்லை. போகத்தான் வேண்டும் என்கிறார் தகப்பன். போகிற வழியில் கப்பரின் ஆட்களிடம் சிக்கிக் கொல்லப்படுகிறான். கப்பர் தன் கையில் ஊரும் எறும்பை நசுக்குவதோடு காட்சி வெட்டப்பட, அடுத்து குதிரையின் முதுகில் மையித்து ஊருக்கு வருகிறது.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஊர் உறைந்து நிற்கிறது. அவர் பள்ளியிலிருந்து தடியை ஊன்றி இறங்கி வருகிறார். ஏன் இவ்வளவு அமைதி என்று விசாரிக்கிறார். ஹங்கல் இங்கே கண்களை மூடவில்லை. குருடராக நடிப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல விழியை மேலே செருகவுமில்லை. திறந்த கண்களை எங்கும் நிலைக்கவிடாமல் வைத்துக்கொண்டு, காதால் பார்க்கிறார். பதில் வராத ஒவ்வொரு கணத்திலும் அவரது தலை ஒரு நூலளவு திரும்புகிறது. மகனின் உடலைக் கைகள் கண்டடையும்போது பெருங்குரலெடுத்து அழுவார் என்று எதிர்பார்க்கிறோம். அழவில்லை. குரல் இன்னும் தாழ்கிறது. மேடையில் தொண்டை கிழியப் பேசிப் பழகிய ஒருவர் கமராவுக்கு முன் இவ்வளவு சிக்கனமாக நிற்பதற்கு எத்தனை கட்டுப்பாடு வேண்டும்!

இனிக் கதைக்கு வருவோம். மகனைப் பறிகொடுத்த தகப்பன், இந்த ஊருக்காக ஷஹீதாக்க இன்னும் சில பிள்ளைகளை ஏன் தரவில்லை என்று அல்லாஹ்விடம் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தொழப் போகிறார். கொள்ளையருக்கு அடிபணிய நினைத்த கிராமத்தவர் அதைக் கேட்டு நாணுகிறார்கள். கதாநாயகர்கள் ஊரில் தங்குவதற்கு வழி பிறக்கிறது. கதை அவரிடம் கேட்டது இவ்வளவே. தானே அனுப்பிவைத்த மகன் என்ற உறுத்தல் அந்தத் தகப்பனுக்கு இராதா? அன்றிரவு அவருக்குச் சோறு வைத்தது யார்? கதாசிரியர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொன்றும் உண்டு. படம் காட்டுகிற அளவில் ராம்கரில் முஸ்லிம்கள் இமாமும் மகனும் மாத்திரமே. மகனும் மௌத்தான பிறகு அவர் யாருக்கு இமாமத் செய்கிறார்? பள்ளிவாசல் இருக்கிறது, பாங்கு கேட்கிறது, பின்னால் நின்று தொழ ஒரு ஸஃப் இல்லை. ஜமாஅத் இல்லாத இமாம்! தன் நன்மையை நிரூபிக்க ஒரு மகனைக் கொடுத்தாக வேண்டிய பாத்திரம் அது. பெரும்பான்மைச் சினிமா சிறுபான்மையிடம் எதிர்பார்க்கும் பத்திரம் எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை. அந்த வெறுமையில் ஒரு மனிதரை நடமாடவிட்டது ஹங்கலின் கைவண்ணம். நாம் மெச்ச வேண்டியவர் அவரே; கதைக்கு அந்த நன்றியைச் செலுத்தத் தேவையில்லை.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், 'ஷோலே'க்குச் சற்று முன் அதே நடிகர் செய்த இன்னொரு வேடம். எம்.எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா' 1973ஆம் ஆண்டுப் படம். இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதையொன்றிலிருந்து கைஃபி அஸ்மியும் ஷமா ஜைதியும் திரைக்கதை அமைத்தார்கள். பிரிவினைக்குப் பிந்திய ஆக்ராவில் சப்பாத்துத் தொழில் செய்யும் சலீம் மிர்ஸாவாக பல்ராஜ் சாஹ்னி. பாகிஸ்தானுக்குப் போன தமையனின் பெயரில் இருந்ததால் குடும்பத்தின் பெரிய வீடு கைவிட்டுப் போகிறது. கடன் கொடுப்பார் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டால் மதம் குறுக்கே நிற்கிறது. அந்தப் பெரிய வீட்டை வாங்குகிறவர் அஜ்மானி சாஹிப் என்னும் சிந்தி வணிகர். அவரும் தன் மண்ணைவிட்டு அகதியாக வந்தவர்தான். அவராக ஹங்கல்.

இங்கே முஸ்லிமின் வீட்டில் குடியேறும் இந்துவாக வருகிறார். இந்தப் பாத்திரத்தை வில்லனாக்குவது எளிது. கருணைக் கடலாக்குவது அதைவிட எளிது. அவர் இரண்டையும் செய்யவில்லை. சலீம் மிர்ஸாவுக்கு உதவ விரும்புகிறார், மரியாதை வைத்திருக்கிறார். ஆனால் வீடு வீடுதான், வியாபாரம் வியாபாரம்தான். அந்தச் சங்கடத்தைப் பேச்சால் விளக்காமல், எதிரில் இருப்பவரின் முகத்தை நேரே நோக்கத் தயங்கும் ஒருவராக நிற்கிறார். கராச்சியைவிட்டு வந்த மனிதருக்கு அந்தத் தயக்கத்தை யாரும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. சலீமின் தாய் தன் கடைசி மூச்சை விட அந்த வீட்டுக்கே தூக்கிவரப்படும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், வீடு இப்போது யாருடையது என்ற நினைப்பு கூடவே வருகிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவர்களில் எத்தனையோ பேர், வேற்று மனிதர் குடியிருந்த தம் வீட்டு வாசலில் பின்னாளில் போய் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு இமாம் சாஹிபைவிட அஜ்மானி சாஹிப்தான் நெருக்கமாகத் தெரிவார் என்று நினைக்கிறேன். தொப்பி அணிந்த பாத்திரம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கும் எமது விமர்சன முறைக்கு இந்தப் பாத்திரம் அகப்படுவதே இல்லை.

ஹங்கலைப் போற்றுகிறவர்கள் ஒன்றை மறைத்துப் பேசுவார்கள். அவர் தன்னையே பலமுறை திருப்பிச் செய்தார். எண்பதுகளின் படங்களில் அந்தக் கம்மிய குரலும் கூம்பிய தோளும் கடைச்சரக்காகிவிட்டன. நல்லவர் ஒருவர் வேண்டுமா, ஹங்கலைக் கூப்பிடு என்பதாயிற்று. வாய்ப்புக் கிடைத்தபோது வேறாகவும் இருந்தார். ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'நமக் ஹராம்' (1973) படத்தில் தொழிற்சங்கத் தலைவர். அது அவருக்கு நடிப்பு என்பதைவிட நினைவு. 'பாவர்ச்சி'யில் (1972) குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் குமாஸ்தா. பாசு சட்டர்ஜியின் 'ஷௌகீன்' (1982) வந்தபோது, அசோக் குமாருடனும் உத்பல் தத்துடனும் சேர்ந்து இளம்பெண்ணொருத்தியின் பின்னால் அசடு வழியும் கிழவராக வந்து சிரிக்கவைத்தார். நல்லவர் வேடத்திலிருந்து தப்பியோடிய மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரியும்.

திரையில் அத்தனை பேருக்கும் தாத்தாவாக இருந்தவரை 1993இல் பம்பாய் கைவிட்டது. பிறந்த மண்ணைப் பார்க்க விசா கேட்டவர், பாகிஸ்தான் துணைத் தூதரகத்தின் பாகிஸ்தான் தின வைபவத்துக்கும் போனார். சிவசேனை அவரது படங்களைப் பகிஷ்கரிக்கக் கோரியது. ஏற்கெனவே நடித்திருந்த காட்சிகள் வெட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேலையில்லை. இமாமாக நடித்து ஊரின் மனச்சாட்சியானவர், சியால்கோட்டை நினைத்ததற்காகத் தேசத்துரோகியானார்.

பிறகு திரும்பி வந்தார். 'லகான்' (2001) கிராமத்துப் பெரியவர் சம்பு காகா பலருக்கு நினைவிருக்கலாம். 2006இல் பத்மபூஷண் கிடைத்தது. விருதால் மருந்துச் செலவு தீரவில்லை. 2011இல் அவரது வறுமை செய்தியாகி, திரையுலகினர் சிலர் உதவிக்கு வந்தார்கள். தொலைக்காட்சியில் அவர் ஏற்கெனவே அறிமுகமானவர்தான். பிரிவினைக் கலவரத்தைச் சொன்ன கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' (1988) தொடரிலும் இருந்தார். கடைசியாக 2012இல் 'மதுபாலா' தொடரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சிறிது நேரம் தோன்றினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26இல் மும்பையில் காலமானார்.